கட்டுப்படாத ரசம்

திருப்பூர் காங்கயம் சாலையில் இருக்கும் நண்பரின் பனியன் கம்பெனியில் போன தை மாதம் விளக்கு மாற்றினார்கள். பவர் டேபிள்களுக்கு மேலே சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த நாலடி ட்யூப்லைட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அதே பட்டிகளில் எல்.இ.டி. ஏறியது. எலெக்ட்ரீஷியன் ஏணியில் நின்று கழற்றிக் கொடுக்க, கீழே ஹெல்பர் பையன் வாங்கி வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தான். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் அறுபதுக்குப் பக்கமாகச் சேர்ந்துவிட்டன.

"இதையெல்லாம் என்னங்க பண்ணுவீங்க?" என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டேன்.

"பழைய இரும்புக்காரர் வருவாருங்க. ரெண்டு முனையிலயும் இருக்கிற அலுமினிய மூடியை மட்டும் கழட்டிக்குவாரு. கண்ணாடி அவருக்கு ஆகாதுங்க. பின்னாடி சாக்குல போட்டு உடைச்சிருவோம். இடம் அடைக்காதுல்லீங்க?"

அந்தப் பதில் என்னை முப்பது வருஷம் பின்னால் கொண்டுபோய் நிறுத்தியது. 1994-ல் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு, கோடை விடுமுறையில் ஒரு கம்பெனியில் கைமடியாக, தையல்காரருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. ஒன்றரை ஷிப்ட் ஓடிய நாட்கள். ஒருநாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும், கட்டிங் டேபிளுக்கு மேலே இருந்த ட்யூப்லைட் கழன்று, விரித்து அடுக்கியிருந்த கருநீலத் துணியின் மேல் விழுந்து சிதறியது. கண்ணாடிச் சில்லுகளைவிட அதிலிருந்து கொட்டிய வெள்ளைத் தூள்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது. கருநீலத்தின் மேல் விபூதியைக் கொட்டியதுபோல இருந்தது. கட்டிங் மாஸ்டர் பதறியது துணிக்காகத்தான். "இழுக்காதீங்கடா, சில்லு கிழிச்சிரும். ரெண்டு பக்கமும் புடிச்சு மெதுவா உதறுங்க" என்றார். உதறினோம். விளக்குமாற்றால் கூட்டினோம். ஜன்னலைத் திறந்தால் பஞ்சு பறக்கும் என்று மூடியே வைத்திருந்தார்கள். ஃபேனைப் போட்டுக்கொண்டு நடுராத்திரி வரை வேலை பார்த்தோம்.

அந்தத் தூளோடு பாதரசமும் இருந்தது என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. மாஸ்டருக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. இன்றைக்கு அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் நாலு மாடிக் கட்டடம் நிற்கிறது. துணி விரிக்க இயந்திரம் வந்துவிட்டது, வெட்டவும் இயந்திரம் வந்துவிட்டது. ட்யூப்லைட்டை உடைக்கிற விதம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ட்யூப்லைட் எரிவதே பாதரசத்தால்தான். குழாயின் இரண்டு முனைகளுக்கும் இடையே மின்சாரம் பாயும்போது உள்ளே இருக்கும் துளிப் பாதரசம் ஆவியாகிப் புறஊதா ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடியின் உள்பக்கம் பூசியிருக்கும் வெள்ளைத் தூள் அதை வாங்கி, நாம் பார்க்கிற வெளிச்சமாக மாற்றித் தருகிறது. தடித்த பழைய 40 வாட் குழாய்களில் 20 மில்லிகிராமும் அதற்கு மேலும் பாதரசம் இருந்தது. பிற்பாடு வந்த மெல்லிய குழாய்களில் அது 3 முதல் 5 மில்லிகிராமாகக் குறைந்தது. குறைந்தாலும் இல்லாமல் போகவில்லை. பாதரசமே இல்லாத ட்யூப்லைட் கிடையாது.

திருப்பூருக்கு அந்த வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்பது செக்கிங் டேபிளில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். வெள்ளை பனியனில் ஒரு எண்ணெய்ப் பொட்டு, ஓவர்லாக்கில் விட்டுப்போன ஒரு தையல், நிட்டிங்கில் விழுந்த ஒரு ஓட்டை. அத்தனையையும் நிழல் விழாத வெளிச்சத்தில்தான் பிடிக்க முடியும். சாயப்பட்டறைக்குப் போனால் கலர் மேட்சிங் பெட்டி இருக்கும். பகல் வெளிச்சத்துக்கு டி65, ஐரோப்பியக் கடை வெளிச்சத்துக்கு டி.எல்.84 என்று ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்துத்தான் ஷேடுக்கு ஓகே சொல்வார்கள். டி.எல்.84 என்பதே பிலிப்ஸ் கம்பெனியின் ஒரு ட்யூப்லைட்தான். லண்டன் கடையின் கூரையில் எரிகிற அதே குழாய் இங்கே அவினாசி சாலையில் ஒரு தகரப் பெட்டிக்குள் எரிந்தால்தான் அந்தச் சிவப்பு சிவப்பென்று ஒத்துக்கொள்ளப்படும். இந்த ஊரின் ஏற்றுமதி பாதரச வெளிச்சத்தில் வளர்ந்தது என்றால் மிகையில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தளத்துக்கு 60 பழைய குழாய், குழாய்க்கு 20 மில்லிகிராம் என்றால் மொத்தம் 1.2 கிராம். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்றிரண்டில் இருக்கிற அளவுதான். பெரிதாகத் தோன்றாது. ஆனால் அப்படி ஆயிரம் தளங்கள் என்று வைத்துக்கொண்டால் 1.2 கிலோ. குழாய்கள் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். 1980-களில் ஏற்றுமதி சூடு பிடித்ததிலிருந்து நாற்பது வருஷம் இந்த ஊர் அப்படித்தான் ஓடியது. உடைந்த குழாயிலிருந்து பாதரசம் முழுவதும் ஒரே நொடியில் பறந்துவிடாது. உடைத்து வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதல் இரண்டு வாரத்தில் 17 முதல் 40 சதவீதம் வரை ஆவியாகப் போனது. அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் எட்டு மணி நேரத்திலேயே போய்விட்டது. வெயில் கூடக் கூட இது வேகமாகும். பத்து டிகிரி ஏறினால் பாதரச ஆவி ஏறத்தாழ இரண்டு மடங்காகும். சித்திரை மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எப்படி இருந்திருக்கும் என்பதை அங்கே நின்றவர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

சரி, பறந்தது எங்கே போகிறது? இந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனால் பனி மூடிய வடதுருவம் வரை போக வேண்டியிருக்கிறது.

பாதரச ஆவிக்கு ஒரு குணம் உண்டு. அது தண்ணீரில் எளிதில் கரையாது, எதிலும் சட்டென்று ஒட்டாது. காஸ்டிக் போட்டு வேகவைக்காத கோராத் துணியைச் சாயத்தில் முக்கினால் எப்படிப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு வருமோ, அப்படி மழையிலும் அகப்படாமல் காற்றில் மிதக்கும். ஆறு மாதம், சில சமயம் ஒரு வருஷம் வரை மிதக்கும். அதற்குள் பூமியையே சுற்றி வந்துவிடும். இங்கே தைத்த துணி தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏறி, கப்பலில் ஐரோப்பா போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகிறது. பாதரசத்துக்குக் கப்பலும் வேண்டாம், சரக்குச் சீட்டும் வேண்டாம்.

கனடாவின் வடகோடியில் அலெர்ட் என்று ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. 82 டிகிரிக்கும் வடக்கே, ஆலை எதுவும் இல்லாத பனி நிலம் அது. 1995-ல் வில்லியம் ஷ்ரோடர் என்ற விஞ்ஞானியின் குழு அங்கே காற்றிலுள்ள பாதரசத்தை இடைவிடாமல் அளந்தது. மாதக்கணக்கில் இருட்டாக இருந்துவிட்டு வசந்தத்தில் சூரியன் தலைகாட்டியதும், காற்றில் இருந்த பாதரசம் திடீர் திடீரென்று காணாமல் போனது. ஓசோனும் அதே நேரத்தில் குறைந்தது. 1998-ல் இது நேச்சர் இதழில் வெளிவந்தது. காரணம் கடல் உப்பு. உறைந்த கடலின் உப்பில் இருக்கும் புரோமின், முதல் வெயில் பட்டதும் விடுபட்டு, ஒட்டாத பாதரசத்தை ஒட்டுகிற பாதரசமாக மாற்றிவிடுகிறது. மாறியதும் அது பனியின் மேல் படிந்துவிடுகிறது.

சாயப்பட்டறைக்காரருக்கு இது சட்டென்று விளங்கும். ரியாக்டிவ் சாயத்தில் உப்பைப் போட்டால்தான் சாயம் தண்ணீரை விட்டு நூலுக்குப் போகும். அப்படிப் போனாலும் முழுக்கப் பிடிக்காது. கால்வாசி அளவுக்குப் பிடிக்காமல் அலசல் தண்ணீரோடு வெளியே வரும். பனியிலும் அதே கதை நடக்கிறது. படிந்த பாதரசத்தின் மேல் வெயில் விழுந்ததும் அதில் ஒரு பங்கு மறுபடி ஆவியாகி மேலே ஏறிவிடுகிறது. சில இடங்களில் ஓரிரு நாளிலேயே பாதிக்கு மேல் திரும்பிப் போய்விடுகிறது. வெயில் பனிக்குள் சில சாண் ஆழம்தான் இறங்கும். அதற்குக் கீழே இருட்டில் புதைந்ததும், மேலே புதுப் பனி விழுந்து மூடியதும் தங்கிவிடும். மரநிழல் விழும் காட்டுப் பனியில் இன்னும் அதிகமாகத் தங்கும். பருவம் திரும்பிப் பனி உருகும்போது, தங்கியதில் ஒரு பங்கு தண்ணீரோடு ஓடை, ஏரி, கடல் என்று இறங்குகிறது. அங்கே நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக்க, சின்ன மீன், பெரிய மீன், சீல் என்று ஏறி ஏறி, கடைசியில் அந்தப் பனி நிலத்தில் வாழும் இனுயிட் மக்களின் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து சேர்கிறது. ஆலை வைத்து அறியாத அந்த மக்களின் உடம்பில் பாதரசம் கூடுதலாக இருப்பதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து வருகிறார்கள். யாரோ உடைத்தது, யாரோ எரித்தது, அவர்கள் வீட்டு மீனில். எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை.

பனி பெய்யாத ஊருக்கும் இதே விதிதான். மழையோடும் தூசியோடும் இறங்கும், மண்ணில் தங்கும், வெயிலில் ஒரு பங்கு மறுபடி எழும். நம் செம்மண் காடும் ஏரித் தண்ணீரும் வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கின்றன. பாதரசத்துக்குப் போய்ச் சேரும் ஊர் என்று ஒன்று கிடையாது. இதைச் சித்தர்கள் அன்றே பார்த்திருக்க வேண்டும். ரசத்தை 'கட்டுவது' என்றுதான் அவர்கள் சொன்னார்கள். ஓடுகிற மாட்டைக் கட்டுவதுபோல. கட்டிய ரசத்தை உருட்டி ரசமணி என்றார்கள். பழனி ஆண்டவர் சிலையைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்ற நம்பிக்கை இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு உண்டு. கட்டாத ரசம் யாருக்கும் அடங்காது என்ற அறிவு நம்மிடம் பழையது.

அந்தப் பழனி மலைத்தொடரின் மேலேதான் நம் காலத்தின் பெரிய பாதரசத் தவறும் நடந்தது. உடுமலையைத் தாண்டித் தெற்கே போனால், மார்கழிக் காலையில் பனிமூட்டம் விலகியதும் அந்த மலை வரிசை நீலமாகத் தெரியும். அதன் உச்சியில் கொடைக்கானல். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்த தெர்மாமீட்டர் ஆலையைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1983-ல் பாண்ட்ஸ் கம்பெனி அங்கே வைத்தது. பிறகு அது ஹிந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் படிந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே வேலை பார்த்த 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது 2016 மார்ச்சில்தான். நடுவில் பதினைந்து வருஷம். அதைப் பார்க்காமல் செத்துப்போனவர்கள் உண்டு.

இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது அங்கே காற்றில் கிடைத்த தடயம். அணுசக்தித் துறையின் ஐதராபாத் ஆய்வுக்கூடத்து விஞ்ஞானிகள் கொடைக்கானல் மரங்களில் ஒட்டி வளரும் பாசியையும் மரப்பாசியையும் எடுத்துச் சோதித்தார்கள். இவற்றுக்கு மண்ணில் இறங்கும் வேர் கிடையாது. காற்று கொடுப்பதைத்தான் வாங்கி வைத்துக்கொள்ளும். அவற்றில் பாதரசம் மிகுதியாக இருந்தது. ஆலைக்கு வெளியே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 1.32 மைக்ரோகிராம் இருந்ததாக அவர்கள் எழுதினார்கள். இயல்பான அளவைவிட ஆயிரம் மடங்கு என்ற கணக்கு அதிலிருந்துதான் வந்தது. வடக்கே பனி வாங்கியதை இங்கே பாசி வாங்கியிருக்கிறது.

பிறகு ஒரு மாற்றம் நடந்தது. உலகக் காற்றில் பாதரசத்தை ஒரே முறையில் அளக்க ஒரு கண்காணிப்பு வலை அமைத்தபோது, இந்தியாவில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடங்களில் ஒன்று கொடைக்கானல். கடல் மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே வைத்த அந்தக் கருவி, 2012, 2013 வாக்கில் காட்டியது கன மீட்டருக்குச் சுமார் ஒன்றரை நானோகிராம். நானோகிராம் என்பது மைக்ரோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. வட அரைக்கோளத்தின் மாசு குறைந்த இடங்களில் எங்கே அளந்தாலும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். ஆலை நின்றதும் காற்று தெளிந்துவிட்டது. மண்ணும் ஏரி அடிச் சேறும் அவ்வளவு சீக்கிரம் தெளிவதில்லை.

திருப்பூருக்குப் பாதரசத்தோடு இன்னொரு உறவும் இருந்தது. அது சலவைப் பட்டறை வழியாக வந்த உறவு. கோராத் துணியை வெளுக்கக் காஸ்டிக் சோடா வேண்டும், அந்த நாளில் பிளீச்சிங் பவுடரும் வேண்டும். ஒன்று உப்பைப் பிளந்து கிடைக்கும் சோடா, மற்றது அதே உப்பிலிருந்து வரும் குளோரினால் ஆனது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி இரண்டையும் பிரிக்கிற பழைய முறை ஒன்றில் பாதரசத்தையே மின்முனையாக ஓடவிடுவார்கள். 1892-லேயே வந்த முறை. நல்ல சுத்தமான காஸ்டிக் கிடைக்கும். ஆனால் பாதரசம் ஆவியாகவும் கழிவாகவும் கசிந்துகொண்டே இருக்கும், அவ்வப்போது ஊற்றி ஊற்றி நிரப்ப வேண்டும். மேட்டூரில் 1940-களின் தொடக்கத்திலிருந்தே காஸ்டிக் தயாராகிறது. நாடு முழுக்கப் பாதரச முறை ஆலைகள் பல இருந்தன. ஐரோப்பிய ஆலைகளைவிடப் பல மடங்கு பாதரசத்தை அவை இழக்கின்றன என்று தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் எடுத்துச் சொன்னது. 2003-ல் மத்திய அரசும் தொழில்துறையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் பாதரசத்தைக் கைவிட்டுச் சவ்வு முறைக்கு மாற ஒப்புக்கொண்டார்கள், அநேகமாக எல்லோரும் மாறியும்விட்டார்கள். இன்று சாயப்பட்டறையில் இறங்குகிற காஸ்டிக் கேன் பார்க்க அன்றுபோலவே இருக்கிறது. அதன் பின்னால் ஓடிய பாதரசம் நின்றுவிட்டது. சத்தமில்லாமல் நடந்த நல்ல காரியம் இது.

சத்தத்தோடு நடந்தது நொய்யல் ஆற்றுச் சாயக்கழிவு வழக்கு. அதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்று 1992-ல் திறந்தார்கள். சில வருஷத்திலேயே அது சாயத் தண்ணீர்த் தொட்டியாகிவிட்டது. 2011 ஜனவரி 28-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னபோது 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பிழைப்பு போனது, ஊரை விட்டே பலர் போனார்கள். அதன் பிறகு இந்த ஊர் ஒரு துளிகூட வெளியே விடாத சுத்திகரிப்பைக் கட்டி எழுப்பியது. சவ்வு வழியாகத் தண்ணீரைப் பிழிந்து, மிச்சத்தைக் கொதிக்கவைத்து, உப்பைத் தனியே எடுத்து மறுபடி சாயத்தில் போடுகிறார்கள். உலகத்தில் வேறெந்த ஜவுளி ஊரும் இவ்வளவு தூரம் போய் இதைச் செய்திருக்கிறதா என்பது சந்தேகமே. நான் இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன்.

ஆனால் அந்தக் கொதிக்கவைக்கும் வேலைக்கு நெருப்பும் மின்சாரமும் வேண்டும். நமக்கு வரும் மின்சாரத்தில் நிலக்கரிக்குப் பெரிய பங்கு உண்டு. மேட்டூர் அனல் மின் நிலையம் 1980-களின் பிற்பகுதியிலிருந்து எரிகிறது. 840 மெகாவாட்டோடு பின்னால் 600 மெகாவாட் சேர்ந்தது. நிலக்கரியில் பாதரசம் சிட்டிகைக்கும் குறைவுதான். ஒரு டன்னில் ஒரு கிராமின் சிறு பங்கு. எரிப்பது லட்சக்கணக்கான டன் என்பதால் அது கணக்கில் ஏறுகிறது. 2015-ல் மனிதர்கள் உலகக் காற்றில் விட்ட பாதரசம் சுமார் 2,220 டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு மதிப்பிட்டது. முதலிடம் சிறு தங்கச் சுரங்கங்களுக்கு, அடுத்த இடம் நிலக்கரிக்கு. பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுற்றுகிற காற்றாலைகளில் பல நம் பனியன் முதலாளிகள் போட்டவை. அவர்கள் போட்டது மின்கட்டணத்துக்காகத்தான். இருக்கட்டும். அவை சுற்றுகிற ஒவ்வொரு ஆடிக்கும் அந்த அளவு கரி எரியாமல் மிச்சமாகிறது.

சாயத் தண்ணீருக்கு நிறம் இருந்தது. கிணற்றில் வாளியை விட்டால் சிவப்பாக வந்தது, தென்னை காய்ந்தது, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். பாதரச ஆவிக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, தொண்டையில் எரிச்சல்கூட இல்லை. அதனால் வழக்குப் போட இங்கே யாரும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்த கேட்டையே இந்த ஊர் ஒப்புக்கொள்ள இருபது வருஷம் ஆனது. தெரியாததை நாமாகத்தான் கணக்கில் எடுக்க வேண்டும்.

இப்போது ட்யூப்லைட்டின் காலம் முடிகிறது. 2015-ல் மத்திய அரசின் உஜாலா திட்டம் வந்தபின் எல்.இ.டி. விலை மளமளவென்று இறங்கியது. வீடுகள் முதலில் மாறின, கம்பெனிகள் பின்னால் மாறுகின்றன. ஜப்பானில் பாதரசம் ஏறிய மீனைத் தின்ற மக்களின் கைகால்கள் முடங்கிப்போன மினமாட்டா ஊரின் பெயரில் ஓர் உலக உடன்படிக்கை 2013-ல் கையெழுத்தாகி, 2017-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 2018 ஜூனில் அதில் முழுமையாகச் சேர்ந்தது. 2023-ல் ஜெனீவாவில் கூடியவர்கள், நீள ட்யூப்லைட் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027-க்குள் நிறுத்துவதென்று முடிவெடுத்தார்கள். அதாவது இன்று திருப்பூரின் கூரைகளில் தொங்குகிற கடைசித் தலைமுறைக் குழாய்கள் எல்லாம் இந்தச் சில வருஷங்களுக்குள் இறங்கப்போகின்றன. நாற்பது வருஷமாக மெதுவாக உடைந்தது இப்போது மொத்தமாக உடையப்போகிறது. சாக்கில் கட்டி உடைக்கிற அந்தப் பையனின் மூக்குக்கு நேரே.

2016-ம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளிலேயே பாதரச விளக்குகள் சேர்க்கப்பட்டுவிட்டன. குப்பையில் போடக் கூடாது, உடைக்கக் கூடாது, அனுமதி பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும். நான் விசாரித்த ஏழெட்டுக் கம்பெனிகளில் இந்த விதி தெரிந்தவர் ஒருவர். அவரும் பையர் ஆடிட்டுக்கு வந்தவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டவர். கெமிக்கல் ஸ்டோரில் ஒவ்வொரு கேனுக்கும் பாதுகாப்புத் தாள் ஒட்டி வைக்கத் தெரிந்த ஊர் இது. ஊசி முனை உடைந்தால் உடைந்த துண்டைத் தேடி எடுத்துத் தாளில் ஒட்டிக் கணக்கு வைக்காமல் அடுத்த ஊசி தராத ஊர். ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசித் துண்டு போய்விடக் கூடாது என்பதற்காக அந்த ஒழுங்கு. அதே ஒழுங்கு ட்யூப்லைட்டுக்கும் இருந்தால் போதும். புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றுமில்லை.

அன்று மதியம் நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஹெல்பர் பையனைக் கூப்பிட்டார். "கண்ணு, உடைக்க வேண்டாம். எல்.இ.டி. வந்த அட்டைப்பெட்டி இருக்குதல்ல, அதுலயே நிமுத்தி அடுக்கு" என்றார். பையன் பழைய துணி வெட்டுகளை இடையிடையே வைத்து அடுக்கினான். மூன்று பெட்டி நிறைந்தது. அடுக்கும்போது ஒரு குழாய் உடைந்துவிட்டது. எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைத் திறந்து, கால் மணி நேரம் கழித்து ஈரத்தாளால் சில்லையும் தூளையும் ஒற்றி எடுத்து, மூடி இறுகிய ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு டேப் ஒட்டினோம். விளக்குமாறு போடவில்லை, வாக்குவம் கிளீனர் போடவில்லை. இரண்டுமே அதை இன்னும் கிளப்பிவிடும்.

மூன்று பெட்டிகளும் ஒரு டப்பாவும் இன்றைக்கும் அங்கே ஸ்டோர் ரூம் மூலையில் இருக்கின்றன. மூன்று பெட்டிக்காக வண்டி அனுப்பினால் கட்டுப்படியாகாது என்கிறார்கள் வாங்குகிறவர்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். ஒரு கம்பெனியால் ஆகாதது ஊராகச் சேர்ந்தால் ஆகும். 1990-லிருந்து இயங்கும் ஏற்றுமதியாளர் சங்கம் இருக்கிறது, மாநகராட்சி இருக்கிறது. வேலம்பாளையத்திலும் மங்கலம் சாலையிலும் ராயபுரத்திலும் மாதத்துக்கு ஒருநாள் ஒரு வண்டி நின்றால் ஆயிரம் கம்பெனிகளின் பெட்டிகள் அதில் ஏறும். அந்த வண்டி வரும்வரை, இதைப் படிக்கிற முதலாளிகளிடமும் மேனேஜர்களிடமும் எலெக்ட்ரீஷியன்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். கழற்றிய ட்யூப்லைட்டை உடைக்காதீர்கள். வந்த பெட்டியிலேயே நிமிர்த்தி அடுக்கி, மேலே தேதி எழுதி, பத்திரமாக ஒரு மூலையில் வையுங்கள்.